ஏழு வீடு மாறும் குட்டிகளும் இடம் மாறாத பூனையும்

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. ஏழு என்ற கணக்கை விட்டுவிடலாம், சேதி உண்மை. ஆள் நடமாட்டம் கூடினாலோ, ஈன்ற இடத்தில் வாடை ஏறினாலோ, தாய் ஒவ்வொரு குட்டியாகப் பிடரியில் கவ்வி வேறிடம் கொண்டுபோகும். போடிநாயக்கனூரின் இலவம்பஞ்சுக் கிட்டங்கிகளும் ஏலக்காய்க் கடைகளின் சாக்கு அடுக்குகளும் குட்டி போடுவதற்கென்றே அமைந்தவை போல இருக்கும்: கதகதப்பு, அரையிருட்டு, பக்கத்திலேயே எலி. லோடு ஏற்றுகிற நாளில் மூட்டையைப் புரட்டினால் அடியில் கண் திறந்தும் திறக்காமலும் மூன்று குட்டிகள் கிடக்கும். தாய் முதல் குட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வரும் நேரமாக அது இருக்கலாம். பார்க்கிறவர் கண்ணுக்கோ அவை அநாதைகள். துண்டில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அந்த வீட்டின் அரிசி மூட்டைமேல் நாலைந்து வருஷமாக ஒரு பூனை படுத்திருக்கிறது. இப்படிக் குட்டிகளை வைத்துக்கொள்வதைச் சென்னை, மதுரை விலங்கு ஆர்வலர்கள் ‘ஃபாஸ்டர்’ என்பார்கள். போடியிலும் பக்கத்துப் பொட்டிபுரத்திலும் ‘ஆள் கிடைக்கிற வரைக்கும் வச்சிருக்கோம்’ என்பதுதான் அதற்குப் பெயர். வைத்திருக்கும் அந்த ஆறு, எட்டு வாரத்தில் மூட்டைமேல் இருக்கும் பூனைக்கு என்ன ஆகிறது என்று அதிகம் பேர் கேட்பதில்லை.

கேட்பவர்களுக்குக் கிடைக்கும் யோசனை இரண்டு வகை. ஒன்று ஊர் யோசனை: ‘ரெண்டு நாள் சீறும், அப்புறம் தானா பழகிரும், விடுங்க.’ மற்றது மேல்நாட்டுக் கையேடுகளிலிருந்து வருவது: முதலில் குட்டிகளுக்குத் தனியறை, பிறகு ஒன்றின் வாடையை மற்றதற்குக் காட்டுவது, பிறகு மூடிய கதவின் இரு புறமும் சாப்பாடு, பிறகு கம்பிவலை வழியாகப் பார்வை, கடைசியில் ஒரே அறை. இரண்டாவது யோசனை முதலாவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இரண்டும் போய்ச் சேரும் ஊர் ஒன்றே: பூனையும் குட்டிகளும் முடிவில் சிநேகமாக வேண்டும். காலம் முழுக்கச் சேர்ந்து வாழப்போகிற பூனைகளுக்கு அது நியாயமான குறிக்கோள். இன்னும் சில வாரங்களில் வேறு வீட்டுக்குப் போய்விடப்போகும் குட்டிகளுக்காக அதே பாட்டை ஏன் படவேண்டும் என்பதே என் கேள்வி. தன் இடம் சுருங்காமல் இருந்தால் போதும் வீட்டுப் பூனைக்கு. குட்டிகளோடு அது உறவு கொண்டாட வேண்டியதில்லை. ஆகவே இடைக்காலக் குட்டிகளை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை தனியாக வைத்திருப்பதே பொது விதியாகவும், சேர்த்து விடுவது விதிவிலக்காகவும் இருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

இதற்கு அடிப்படை பூனையின் பிறப்பிலேயே இருக்கிறது. நாயின் மூதாதை கூட்டமாக வேட்டையாடிய ஓநாய். வீட்டுப் பூனையின் மூதாதை, 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியபடி, மேற்காசியக் காட்டுப்பூனை; அது தனியே வேட்டையாடியது. காரணம் எளிது: ஒரு எலி ஒரு பூனைக்குத்தான் காணும். பங்கு போட ஒன்றுமில்லாத இரையைத் தின்று வாழ்ந்த விலங்குக்குத் துணை என்பது வசதி, இடம் என்பது உயிர். சாப்பாடு குவிந்து கிடக்கும் மீன் சந்தை, குப்பைமேடு, மாட்டுத்தொழுவம் ஆகிய இடங்களில் பூனைகள் கூட்டமாக வாழ்வது உண்மைதான். அங்கேயும் கூட்டத்தின் நடுவே இருப்பவை பெரும்பாலும் தாய், மகள், தங்கை என உறவுள்ள பெட்டைகள். விலங்குக்கு இடம் எவ்வளவு முக்கியம் என்ற பேச்சு நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பொட்டிபுரத்தை வெளியூர்க்காரர்கள் அறிந்தது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த அந்த ஆய்வகத்தை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த மலைப்பகுதி மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கும் இடையே புலிகள் போய்வரும் வழி என்பது. புலியின் வழி உச்ச நீதிமன்றம்வரை பேசப்பட்ட ஊரில், அதன் சின்ன உறவுக்காரனுக்கும் அடுப்படியிலிருந்து பரண், பரணிலிருந்து கூரை, கூரையிலிருந்து கொல்லை என்று ஒரு வழி உண்டு என்பது யார் நினைப்பிலும் வருவதில்லை.

அந்த வழி கண்ணுக்குத் தெரியாத மையில் வரையப்பட்டது. பூனையின் கன்னம், தாடை, விலாப்புறம், பாதத்தின் அடி ஆகிய இடங்களில் வாடைச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையில் கன்னத்தைத் தேய்ப்பதும், நம் காலில் உரசிப் போவதும், சாக்கைப் பிறாண்டுவதும் ‘இது என் வீடு’ என்று நாள்தோறும் எழுதிவைக்கும் வேலை. மழை பெய்த வாசலில் மறுபடி கோலம் போடுவது மாதிரி, வாடை மங்க மங்க அது திரும்பத் திரும்ப எழுதும். குட்டிகள் வந்த அன்றைக்கு இந்த எழுத்தின்மேல் வேறொருவர் கை விழுகிறது. குட்டிகளின் உடம்பில் அவற்றின் வாடை மட்டும் இல்லை. அவற்றை நக்கி வளர்த்த, வீட்டுப் பூனை கண்ணால் காணாத, ஒரு வளர்ந்த பெட்டையின் வாடையும் இருக்கிறது. அது வீட்டுக்காரர் கையிலும் கைலியிலும் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்கப் பரவும். குட்டிகள் அறைக்குள் பூட்டியிருந்தாலும் பூனை சீறுவது அதனால்தான். இதைப் பார்த்துவிட்டு ‘பொறாமைப்படுது’ என்கிறோம். அந்தச் சொல்லில் ஒரு வம்பு இருக்கிறது. பொறாமை என்றால் குற்றம் பூனையுடையது, கண்டித்தாலோ கொஞ்சினாலோ சரியாகிவிடும் என்று ஆகிறது. பயம் என்று சொன்னால், செய்ய வேண்டியது நம் பக்கத்தில் என்று ஆகும்.

பயம் என்பதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பஃபிங்டன் குழுவினர் 32 பூனைகளை 77 வாரங்கள் கவனித்து 2011இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 20 பூனைகள் சிறுநீர்ப்பை அழற்சி உள்ளவை, 12 நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவை. பராமரிப்பவர் மாறுவது, நேரம் தவறுவது போன்ற வழக்கமில்லாத சங்கதிகள் நடந்த வாரங்களில் இரு வகைப் பூனைகளுமே தீனியைக் குறைத்தன, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் மலம் கழிக்காமல் இருந்தன, பிறகு தொட்டிக்கு வெளியே கழித்தன. ஆரோக்கியமான பூனையையும் நோயாளி போல நடக்கவைக்க, வழக்கம் குலைந்தாலே போதும் என்பது அதன் சாரம். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனதற்கே இப்படி என்றால், நான்கு குட்டிகளின் கத்தல், புது வாடை, பூட்டிய அறை, ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் புகட்டும் வீட்டுக்காரர் எல்லாம் ஒரே வாரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். படுக்கையில் பூனை மூத்திரம் பெய்வது பழிவாங்கல் என்று பல வீடுகளில் உறுதியாக நம்புகிறார்கள். தன் வாடையும் நம் வாடையும் சேர்ந்து கனமாக இருக்கும் இடம் படுக்கை. கலங்கிப்போன பூனை அங்கே தன்னை இன்னொரு முறை எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கலக்கம் முதலில் சின்னச் சின்னதாகத்தான் தெரியும். சீறலும் முதுகு வளைத்தலும் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே காதுகள் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். படுத்திருக்கும் உடம்பு அசையாமல் வால் நுனி மட்டும் துடிக்கும். கால்கள் நான்கும் உடம்புக்கு அடியில் மடங்கி, தூங்குவதுபோலத் தெரிந்தாலும் தலை தொங்காது. தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும். அல்லது வழக்கத்துக்கு மாறாக அவசர அவசரமாக விழுங்கும். அடிவயிற்றை நக்கி நக்கி மயிர் உதிர்ந்திருக்கும். குட்டிகள் இருக்கும் அறைக்கும் தன் மண்தொட்டிக்கும் நடுவே உள்ள நடைவழியைக் கடக்காமல் சுற்றிப் போகும். அந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இரண்டு அறிகுறிகளில் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கடுவன் பூனை அடிக்கடி குந்திக் குந்திச் சொட்டு மூத்திரமும் வராமல் முனகினால் அது மூத்திரக் குழாய் அடைப்பு; ஒன்றிரண்டு நாளில் உயிர் போகக்கூடியது. ‘மலச்சிக்கல் போல’ என்று விளக்கெண்ணெய் தேடுவதற்குள் காலம் கடந்துவிடும். மற்றது, சதைப்பிடிப்பான பூனை இரண்டு மூன்று நாள் அடியோடு சாப்பிடாமல் இருப்பது. உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து, பிறகு மீள்வதே கடினமான நிலை வரலாம். ‘கோவிச்சுக்கிருச்சு, பசிச்சா வரும்’ என்ற கணக்கு பூனையிடம் பலிக்காது.

இனி நாள் கணக்கைப் பார்க்கலாம். என் வாதம் முக்கியமாக இதில்தான் நிற்கிறது. நான்கு வாரக் குட்டியாக வந்து ஒன்பது வாரத்தில் தத்துப் போகிறது என்று வைத்துக்கொண்டால் அது வீட்டில் இருக்கப்போவது 35 நாள். வெளியிலிருந்து வந்த குட்டியைக் குறைந்தது 14 நாள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. பூனைப் பார்வோ எனப்படும் பேன்லுக்கோபீனியா உடம்பில் நுழைந்து வெளியே தெரிய இரண்டு நாளிலிருந்து பத்து நாளாகும், சில சமயம் கூடுதலாகவும் ஆகலாம். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருஷம்வரை சாகாமல் கிடக்கும். மூக்கொழுகலும் கண் பீளையுமாக வரும் ஹெர்பிஸ், கலிசி வைரஸ்கள், தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும் வயிற்றுப் புழு, மனிதருக்கும் ஒட்டும் படர்தாமரை, தெள்ளுப்பூச்சி எல்லாம் சாக்கு அடுக்குக்குள் பிறந்த குட்டிகளோடு வரக்கூடியவை. ஒதுக்கம் போக மீதி 21 நாள். பூனைக்குப் பூனை முறையாக அறிமுகம் செய்ய வாரங்கள் முதல் மாதங்கள்வரை ஆகும் என்கின்றன அறிமுகத்தைப் பரிந்துரைக்கும் அதே கையேடுகள். ஆக, பழகி முடிக்கிற சமயத்தில் குட்டிகள் கிளம்பிவிடும். அடுத்த மாதம் வேறு குட்டிகள், வேறு வாடை. பூனைக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. வருஷத்துக்கு மூன்று தடவை ஈடு வரும் வீட்டில் அந்தப் பூனை வாழ்நாளில் கால்வாசிக்கு மேல் இந்தக் கலக்கத்திலேயே கழிக்கும். பத்தாவது அட்சப் பாகையை ஒட்டிய நம் பக்கத்தில் பகல் நீளம் வருஷம் முழுக்கப் பெரிதாக மாறாததால் பூனைகள் எந்த மாதத்திலும் ஈனக்கூடும். ஓய்வு மாதம் என்று ஒன்றை இயற்கை தராது.

இதற்கு முதல் ஆட்சேபம் பெட்டைப் பூனைகளின் பெயரால் வரும். தொழுவத்துப் பெட்டைகள் ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள், ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள்; ஆகவே வீட்டுப் பெட்டையும் தாயாகிவிடும் என்பார்கள். அந்தப் பெட்டைகள் யார் என்பதை மறந்துவிட்டுச் சொல்வது அது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றையொன்று நக்கிக்கொள்வதும் நெருங்கிப் படுப்பதும் இரத்த உறவுள்ள பூனைகளிடமும் நீண்ட நாள் கூட இருந்து பழகிய பூனைகளிடமும் கூடுதலாகக் காணப்பட்டது. இடைக்காலக் குட்டிக்கு இரண்டு தகுதியும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தினர், ஏற்கெனவே பூனையுள்ள வீடுகளுக்குப் புதுப் பூனையைத் தத்தெடுத்துப் போனவர்களிடம் கேட்டு 2005இல் வெளியிட்டதில், ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் சந்திப்பிலேயே கடியும் பிறாண்டலும் நடந்ததாகச் சொன்னார்கள். தொடக்கம் கெட்ட வீடுகளில் மாதங்கள் கழித்தும் சண்டை நீடிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கடுவன்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கருத்தடை செய்யாத கிராமத்துக் கடுவன்கள் பிற குட்டிகளைக் கொல்வதுண்டு என்பது 1999இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்ப் பாட்டிகளுக்கு அந்த ஆய்வு தேவைப்படாது. வீட்டுக் கடுவனுக்குக் கருத்தடை ஆகவில்லை என்றால் ‘பழகிரும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது ஆட்சேபம் குட்டிகளின் பக்கத்திலிருந்து வருவது, இது கனமானது. பெரிய பூனை ஒன்றைப் பார்த்துத்தானே குட்டி மண் தோண்டவும், நகத்தை அடக்கவும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும் கற்கும்? மண் தோண்டுவதை நான்கு வாரக் குட்டி கிட்டத்தட்டத் தானாகவே செய்கிறது. மனிதரிடம் பழகும் பருவம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை என்பதை அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் காட்டினார். அந்தப் பருவத்தில் அதற்கு வேண்டியது மனிதக் கை, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் கை. கடியை அளந்து கடிக்கக் கற்பது உடன்பிறந்தவற்றோடு புரண்டு. ஆகவே மூன்று நான்காக வந்த குட்டிகளுக்கு வீட்டுப் பூனை வாத்தியாராக வேண்டிய அவசியமில்லை. ஒற்றைக் குட்டியாக வந்தால் மட்டும் இந்த வாதம் ஆட்டம் காண்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒற்றையாய் வளர்ந்த குட்டி கையையும் காலையும் பொம்மை என்று எண்ணிக் கடித்து வளரும். அப்போதும் முதல் வழி, அதே வயதுக் குட்டிகள் இருக்கும் வேறு வீட்டோடு சேர்ப்பது. அது கூடாதபோது, தானாக முன்வந்து கதவடியில் படுத்து, வாலை நிமிர்த்தி, மெல்லிய குரலில் பேசும் பூனை அந்த வீட்டில் இருந்தால், ஒதுக்க நாட்களும் தடுப்பூசியும் முடிந்த பிறகு சேர்க்கலாம். முன்வருவது பூனையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாமல் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை: தனியறைக்கு எங்கே போவது? பொட்டிபுரத்திலும் போடியின் பல தெருக்களிலும் வீடு என்பது ஒரு பத்தி, ஒரு சமையற்கட்டு, முன்னால் திண்ணை. கையேடு எழுதியவர் நினைவில் இருந்த மூன்று படுக்கையறை வீடு இங்கே கிடையாது. ஆனால் பூனைக்கு வேண்டியது சதுரஅடி இல்லை, பிரிவு. அதை நேரத்தாலும் உயரத்தாலும் செய்யலாம். பால் லேஹவுசன் என்ற ஜெர்மன் விலங்கு நடத்தை அறிஞர், ஒரே தடத்தைப் பல பூனைகள் வெவ்வேறு வேளையில் பயன்படுத்தி ஒன்றையொன்று தவிர்த்துக்கொள்வதை எழுதியிருக்கிறார். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏலத்தோட்டத்துக்கு விடிகாலை ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்கும் வீடுகளில் முறை தானாகவே அமைகிறது: பகலில் குட்டிகள் அடைப்புக்குள், வீடு முழுக்கப் பூனைக்கு; அந்தியில் பூனை தன் சுற்றுக்குக் கிளம்பும் ஒன்றரை மணி நேரம் குட்டிகளுக்கு. அடைப்புக்குக் கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரம் ஐந்து வாரம்வரை நன்றாக உதவும். மூங்கில் இடுக்கு வழியாகக் காற்றுப் போகும், மேலே பழைய சேலையைப் போர்த்தினால் பார்வை மறையும், ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் நகராது. அதற்குமேல் வளர்ந்த குட்டிகளுக்குக் குளியலறை, அல்லது அலமாரியின் கீழ்த்தட்டில் வலையடித்து ஒரு கூண்டு. இவை எதுவும் முடியாத வீடு குட்டிகளை வாங்கிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்று சொன்னால் கல்நெஞ்சம் என்பார்கள்; சொல்லித்தான் ஆக வேண்டும்.

உயரத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ‘மதில்மேல் பூனை’ என்று முடிவெடுக்கத் தெரியாதவரைச் சொல்கிறோம். பூனையின் கணக்கில் மதில்தான் எடுத்து முடித்த முடிவு: இரண்டு பக்கமும் தெரியும், இரண்டு பக்கமும் யாரும் எட்ட முடியாது. குட்டிகள் இருக்கும் வாரங்களில் பரண் பூனையின் பட்டா நிலமாக இருக்கட்டும். அங்கே அதன் பழைய சாக்கு, ஏறுவதற்கு ஒரு பெட்டி, வாய் திறந்த ஓர் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியை அற்பமாக நினைக்கக் கூடாது. நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்து 2014இல் எழுதினார்கள்; பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களிலேயே தேறின, கிடைக்காதவை இரண்டு வாரம்போல எடுத்துக்கொண்டன. செயற்கை வாடையைப் பரப்பும் மின்கருவிகள் கடையில் கிடைக்கின்றன. சில பூனைகளுக்கு உதவலாம், எல்லாப் பூனைக்கும் உதவுவதாகச் சான்றுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு இரண்டாவது மண்தொட்டி வாங்குவதே மேல். தட்டு, தண்ணீர், மண்தொட்டி மூன்றும் பூனைக்குத் தனி, ஒவ்வொன்றும் குட்டிகள் பக்கம் போகாமலே சென்றடையக்கூடிய இடத்தில். குட்டிகளைத் தொடும்போது மேலே போட்டுக்கொள்ள ஒரு தனிச் சட்டை; தொட்டபின் கை கால் கழுவுவது; காலையில் முதல் சாப்பாடு பழைய பூனைக்கு. தரை துடைக்க ஃபினாயில் வேண்டாம். அது பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாத நஞ்சு. பார்வோ கிருமியைக் கொல்வதும் ப்ளீச்சிங் கரைசல்தான், ஃபினாயில் இல்லை; அதையும் பத்து நிமிஷம் ஊறவிட்டு நன்றாக அலசிவிட வேண்டும்.

‘வெளியே போய்வரும் பூனைதானே, பிடிக்காவிட்டால் போய்விட்டு வரும்’ என்பது நான்காவது ஆட்சேபம். போகும், திரும்பி வருமா என்பதுதான் விஷயம். கலங்கிய பூனை தன் வழக்கமான எல்லையைத் தாண்டிப் போகிறது. அங்கே வேறு பூனையின் எல்லை, தெருநாய், சாலை, எலிக்கு வைத்த மருந்து, அந்த மருந்தைத் தின்று செத்த எலி. வீடு தாங்காமல் வெளியேறிய பூனையை ‘போக்கிரி, எங்கேயோ போயிருச்சு’ என்று எழுதிவிடுகிறோம். அதைவிட மோசமானது, படுக்கையை நனைத்த குற்றத்துக்காகச் சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விட்டு வருவது. பட்டினியால் துன்பப்படும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை; இன்றைக்கு இரண்டு பேர் டீ, வடை சாப்பிட்டால் தீர்ந்துபோகும் தொகை.

குட்டி ஒன்று இந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது என்று முடிவானால் கணக்கு மாறும். அப்போது கையேட்டின் நீண்ட வழி முழுவதும் வேண்டியதே: குட்டியைத் துடைத்த துணியைப் பூனையின் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, அது முகர்ந்துவிட்டு நிதானமாகச் சாப்பிடும்வரை நாள் கணக்கில் பொறுத்து, பிறகு ஏலக்காய் உலர்த்தும் கம்பிவலைத் தட்டு போன்ற ஒன்றை வாசலில் குறுக்கே நிறுத்தி இரு பக்கமும் தீனி வைத்து, ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று கூட்டிக்கொண்டே போவது. சீறினால் அதட்டக் கூடாது; சீறல் என்பது அடிக்காமல் இருப்பதற்காகப் பூனை எடுக்கும் முயற்சி. சண்டை மூண்டால் நடுவில் கை நீட்டவும் கூடாது. போர்வையோ தலையணையோ இடையில் விழட்டும். பூனைக் கடியும் வெறிநாய்க்கடி ஊசிக்கு உரியதுதான் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எடுக்காமல் இருந்து பார்ப்பது. வீட்டுப் பூனைக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மூட்டைக்கு அடியில் கிடக்கும் குட்டிகள் வயிறு நிறைந்து, கத்தாமல், ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆட்கள் தள்ளிப்போய்ச் சில மணி நேரம் காத்திருந்தால் ஏழு வீட்டில் ஒன்றுக்கு அது தானே கொண்டுபோகும். தோட்டப் பக்கம் கிடைத்த குட்டி என்றால் இன்னொரு யோசனையும் வேண்டும். இந்த மலைச்சரிவுகளில் காட்டுப்பூனையும் சிறுத்தைப்பூனையும் துரும்பன் பூனையும் வாழ்கின்றன. அவற்றின் குட்டியை வீட்டுக் குட்டி என்று எண்ணி எடுத்து வருவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தில் மாட்டிவிடும், குட்டிக்கும் அது நல்லதில்லை. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அதே இடத்தில் விட்டுவைப்பதே வழி. எடுத்தே தீர வேண்டிய குட்டிகளை எடுத்தால், கிட்டங்கியில் சுற்றும் தாயையும் பிடித்துக் கருத்தடை செய்துவிட வேண்டும். பூனையின் சூல் காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் தத்துப் போன கையோடு அதே சாக்கடியில் அடுத்த ஈடு தயாராக இருக்கும். தேனியில் 2020இல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் இதற்காக மதுரைவரை போக வேண்டிய தூரம் குறைந்திருக்கிறது.

கடைசிக் குட்டியும் கூடையில் கிளம்பிய மறுநாளைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. வீட்டுக்காரர் அறையைக் கழுவி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, பூனை துள்ளி ஓடிவரும் என்று பார்ப்பார். அது வாசல்படியில் நின்று, வாய் லேசாகத் திறந்து, மேலுதட்டைச் சுருக்கிக் காற்றை உள்ளே இழுக்கும். மேலண்ணத்தில் இருக்கும் இன்னொரு மோப்ப உறுப்பால், போனவை போய்விட்டனவா என்று கேட்டுக்கொள்கிறது. பிறகு திரும்பிப் பரணுக்கே போய்விடும். பழைய சாக்கைத் துவைக்காமல் அந்த அறை மூலையில் போட்டுவைத்தால் மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ வந்து, கதவு நிலையில் கன்னத்தை ஒரு தடவை தேய்த்துவிட்டுப் படுக்கும். அடுத்த குட்டிகளுக்காக யாராவது போன் செய்தால், அது அங்கே இரண்டு மூன்று வாரமாவது கால் நீட்டித் தூங்கிய பிறகு சரி என்று சொல்லலாம்.